48-லிருந்து 46-க்கு: மனிதக் குரோமோசோம் ஆய்வு வளர்ந்த விதம்

மனித உடல் செல் ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் இருப்பது 1956-இல்தான் தெரியவந்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே தெரிந்துவிட்டது என்பது வியப்புக்குரியது.

பாலினக் குரோமோசோம்கள் முதலில் பூச்சிகளில்தான் பிடிபட்டன. 1891-இல் ஹெர்மன் ஹென்கிங், ஒரு பூச்சியின் விந்தணுக்களில் பாதியில் மட்டும் தென்பட்ட பொருளை, இன்னதென்று விளங்காமல் ‘எக்ஸ்’ என்று குறித்து வைத்தார். தாயின் உணவும் வெப்பநிலையும்தான் குழந்தையின் பாலைத் தீர்மானிக்கின்றன என்று பலர் நம்பிய காலம் அது. 1905-இல் அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழு வண்டை ஆராய்ந்தார். பெண் வண்டின் செல்லில் 20 பெரிய குரோமோசோம்கள்; ஆணிலோ 19 பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது. அந்தச் சிறியதைச் சுமந்த விந்தணு சேர்ந்தால் ஆண், பெரியதைச் சுமந்தது சேர்ந்தால் பெண் என்று அவர் முடிவுசெய்தார். எட்மண்ட் வில்சனும் அதே ஆண்டில் இதையொத்த முடிவை எட்டினார்.

மனிதனிலும் இந்தப் பெரிய எக்ஸ், சிறிய ஒய் இரண்டும் உண்டு என்று காட்டியவர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தியோஃபிலஸ் பெயின்டர். விந்தகத் திசுவை மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்தபோது குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. 46-ஆ 48-ஆ என்று 1921-இல் தயங்கியவர், 1923-இல் 48 என்று எழுதினார். பாடநூல்கள் அதை அப்படியே ஏற்றன.

1952-இல் டி. சி. சூவின் ஆய்வகத்தில் செல்களைக் கழுவும் கரைசலில் தவறுதலாக உப்புச் செறிவு குறைந்துபோனது. செல்கள் நீரை உறிஞ்சி உப்பின. குரோமோசோம்கள் விலகி நின்றன. இவ்வளவு தெளிவாகப் பார்த்தும் சூ 48 என்றே எழுதினார். சுவீடனில் கருவின் கல்லீரல் செல்களை ஆராய்ந்த சிலரோ, 46-க்கு மேல் கிடைக்கவில்லையே என்று வேலையையே நிறுத்தி வைத்தனர். கண் கண்டதைவிட அச்சிட்ட எண்ணுக்கு அத்தனை மதிப்பு!

சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லெவானும் கருவின் நுரையீரல் செல்களை வளர்த்தனர். சூவின் கரைசல் முறையோடு கால்சிசின் என்ற பொருளையும் சேர்த்தனர். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் உள்ள நஞ்சும் இதுவே. இது செல் பிரிதலை நடுவழியில் நிறுத்திவிடும். 1955 டிசம்பரில் அவர்கள் கண்ட எண் 46. மறு ஆண்டு அது வெளியானது.

எண் திருந்தியதும் நோய்களின் காரணம் தெரியத் தொடங்கியது. பாரிஸில் மார்த் கோத்தியே, டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் திசுவை வளர்க்கும் ஆய்வகத்தை ஏறக்குறைய வெறுங்கையோடு அமைத்தார். வளர்ப்புக்கு வேண்டிய சீரத்துக்குத் தம் இரத்தத்தையே எடுத்தார். கூடுதலாக ஒரு குரோமோசோம் தெரிந்தது. படமெடுக்கும் வசதி அவரிடம் இல்லாததால் செல்கள் பதித்த கண்ணாடி வில்லைகளைச் சக ஆய்வாளர் ஜெரோம் லெஜூன் வாங்கிச் சென்றார். 1959 ஜனவரியில் வெளியான கட்டுரையில் லெஜூன் பெயர் முதலிலும், கோத்தியே பெயர் எழுத்துப்பிழையோடு இரண்டாவதாகவும் இருந்தன. டவுன் நோய்க்குறி பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று. கருமுட்டை உருவாகையில் 21-ஆம் குரோமோசோம் இணை பிரியாமல் போவதே வழக்கமான காரணம். ஹீமோஃபிலியா, நிறக்குருடு போன்றவை வேறு வகை: எக்ஸில் உள்ள பழுதான மரபணுவைத் தாய் சுமக்க, ஒரே எக்ஸ் உள்ள மகனிடம் குறை வெளிப்படுகிறது.

மனிதனில் ஆணாக்குவது ஒய்தானா என்ற கேள்வி எஞ்சியிருந்தது. பழ ஈயில் ஆண் பாலை ஒய் தீர்மானிப்பதில்லை. மனிதனிலும் அப்படியே என்று கருதப்பட்டது. அதே 1959-இல் இந்தக் கருத்து உடைந்தது. எக்ஸ்-எக்ஸ்-ஒய் உடைய கிளைன்ஃபெல்டர் நோயாளிகள் ஆண்கள். ஒற்றை எக்ஸ் மட்டும் உடைய டர்னர் நோயாளிகள் பெண்கள். ஆகவே ஒய்தான் ஆணாக்குகிறது.

ஒய்யின் எந்தப் பகுதி என்பது 1990-இல் புலப்பட்டது. எஸ்.ஆர்.ஒய். என்ற அந்த மரபணுவை லண்டன் ஆய்வாளர்கள் கண்டனர்; 1991-இல் இரண்டு எக்ஸ் உடைய எலிக்கருவில் அதைச் செலுத்த, எலி ஆணாக வளர்ந்தது. இரண்டு எக்ஸ் இருந்தும் ஆணாகப் பிறந்த மனிதர்கள் பலரின் நிலைக்கும் இதிலேயே விளக்கம் கிடைத்தது: தந்தையின் விந்தணு உருவாகும்போது ஒய்யின் நுனியிலுள்ள இந்த மரபணு எக்ஸுக்கு இடம்மாறிவிடுகிறது.