குடிபெயருமுன் ஆராய வேண்டுவன: சென்னைப் பேட்டைகளின் சரித்திரம் போதிக்கும் பாடம்

ஒரு குடும்பம் செய்யும் காரியங்களுள் குடிபெயர்தல் மிகப் பொறுப்பு வாய்ந்ததாகும். விவாகத்திற்குப் பொருத்தம் பார்க்கிறோம். நிலம் வாங்குவதற்கு வில்லங்கம் பார்க்கிறோம். ஆனால் மனைவி மக்களோடு பல்லாண்டு வாழப்போகும் பேட்டையைத் தெரிந்தெடுக்கும்போது மட்டும், வாடகை இவ்வளவு, அலுவலகத்திற்குத் தூரம் இவ்வளவு என்ற இரண்டு கணக்கோடு நின்றுவிடுகிறோம். நமது சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் பல, மக்களின் கல்வியை முன்னிட்டும் உத்தியோகத்தை முன்னிட்டும் வெளி ஜில்லாக்களினின்று சென்னைமாநகர்க்குக் குடியேறி வருகின்றன. அவர்கள் யாவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “எந்தப் பேட்டை நல்லது?” இக்கேள்விக்கு வீட்டுத் தரகர் கூறும் விடையினும் சரித்திரம் கூறும் விடை நம்பத்தக்கது. ஆதலின், காவல், அண்டை அயல், நீர், நிலம் என்னும் நான்கினையும் அளவுகோலாகக் கொண்டு, இந்நகரத்தார் முன்னாளில் எவ்விடத்தை நாடினர், ஏன் நாடினர், அதனால் எய்திய பயன் யாது என்பதை இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலாவது காவல்

1639-ம் வருஷத்தில் ஆங்கிலக் கம்பெனியார் கடற்கரை மணலில் ஓரிடம் பெற்றனர்; பின்னர் அங்குக் கோட்டை கட்டத் தொடங்கினர். அதன் வடபுறத்தே நெசவாளரும் வணிகரும் துபாஷிகளும் குடியேறினர். அவ்விடமே கறுப்பர் பட்டணம் எனப் பெயர் பெற்றது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கோட்டைக்கு நெடுங்காலம் முற்பட்ட ஊர்களாயிருந்தும், பொருளீட்ட வந்தோர் கோட்டை நிழலையே நாடினர். பீரங்கியின் அருகே வாழ்வது பந்தோபஸ்து என்பது அவர்கள் எண்ணம். பட்டணத்துத் தெருக்காவல் பெத்தநாயக்கன் என்னும் காவல் தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. அவன் ஆட்கள் இரவிற் காவல் புரிவர். அதற்காக அவனுக்கு மானியமும் சில வரும்படிகளும் உண்டு. களவு போன பொருளைக் கண்டுபிடிக்காவிடில் ஈடு செய்யும் கடமையும் அவனைச் சார்ந்தது. அவன் பெயரே பெத்தநாயக்கன்பேட்டையில் இன்றும் நிலைத்திருக்கிறது.

ஆயினும் கோட்டை நிழல் எக்காலத்தும் குளிர்ந்த நிழலாயிருக்கவில்லை. 1746-ம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749-ல் அது ஆங்கிலேயரிடம் மீண்டது. இதற்குப் பின் கோட்டைக்கு எதிரே பகைவர் மறைந்து நிற்க இடமிருத்தல் ஆகாதென்று கருதி, கோட்டையை ஒட்டியிருந்த பழைய பட்டணத்தையே இடித்து வெளியாக்கினர். எந்தக் கோட்டையை நம்பி ஜனங்கள் வீடு கட்டினார்களோ, அந்தக் கோட்டையின் க்ஷேமத்திற்காகவே அவர்கள் வீடுகள் இடிபட்டன! அவ்வெளியில் இனி ஒருவரும் வீடு கட்டலாகாது என்பதற்கு அடையாளமாக 1773-ல் நாட்டிய எல்லைத் தூண்களுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது.

பின்னர் 1767-லும் 1769-லும் மைசூர்க் குதிரைப்படை நகரத்தின் புறஞ்சேரிகள் வரை வந்து கலங்கச் செய்யவே, புதிய பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பப்பட்டது. அதன் செலவிற்கு ஜனங்களிடம் வரி தண்டக் கருதிய செய்தியை வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் நமக்கு நினைப்பூட்டுகிறது. மதில் பெரும்பாலும் மறைந்தது. வரியின் பெயர் மறையவில்லை. 1856-ல் நகரத்திற்குப் போலீஸ் கமிஷனர் ஒருவர் ஏற்பட்டபின், காவல் என்பது மதிலைப் பொறுத்ததன்று, ஒழுங்கான ஆட்சியைப் பொறுத்தது என்பது விளங்கலாயிற்று. இக்காலத்தில் உயர்ந்த சுற்றுச்சுவரும் வாயிற்காவலனும் உள்ள அடுக்குமாடிக் கட்டிடங்களைக் கண்டு மயங்குவோர் இதனைச் சிந்திப்பாராக. சுவர் வீட்டைக் காக்கும். மாலையிற் கல்லூரியினின்று திரும்பும் பெண்ணைத் தெருவிளக்கும், ஜன நடமாட்டமும், திறந்திருக்கும் கடைகளுமே காக்கும்.

இரண்டாவது அண்டை அயல்

“நம்மவர் மிகுந்த தெருவே நமக்கு நல்லது” என்பது நம்மிற் பலர் வாயிற் கேட்கும் வார்த்தை. இதனையும் சரித்திரத்தின் முன் நிறுத்துவோம். சென்னைப்பட்டணத்தில் வலங்கை இடங்கைச் சாதியாரிடையே 1652-லேயே கலகம் மூண்டது. விவாக ஊர்வலம் எத்தெரு வழியாகச் செல்லலாம் என்பது போன்ற விஷயங்களே கலகத்திற்குக் காரணம். 1707-ல் மறுபடியும் பெருங்கலகம் எழுந்தது. கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையாருக்கென்றும், முத்தியாலுப்பேட்டை இடங்கையாருக்கென்றும் பிரித்து விட்டார்கள். அதனால் அமைதி உண்டாயிற்றா? இல்லை. மனத்தாங்கல் கொண்ட பலர் ஊரை விட்டே சாந்தோமுக்குச் சென்றனர். அவர்களைத் திரும்ப அழைத்து வருவது கம்பெனியாருக்குப் பெரும் பிரயாசையாயிற்று. தெருவைப் பிரித்தவர்களால் பகையைப் பிரித்து எறிய முடியவில்லை.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 1734-ல் கூவம் ஆற்றின் வளைவில் சிந்தாதிரிப்பேட்டை உண்டாக்கப்பட்டது. நூற்பார், நெய்வார், சாயமிடுவார், வெளுப்பார் எனத் துணித்தொழிலைச் சார்ந்த பலரும், கோயிற் பணியாளரும் அங்கு ஒருங்கே குடியேற்றப்பட்டனர். ஒருவர் தொழில் மற்றவர் தொழிலுக்கு வேண்டியிருந்தமையின், அண்டை வீட்டார் தேவை தன் தேவையாயிற்று. பேட்டையும் நிலைத்தது. ஆகவே நல்ல அயலாவது, ஒரே குலத்தார் கூட்டமன்று. ஒருவர்க்கொருவர் பயன்படும் கூட்டமே என்று கொள்ளுதல் தகும்.

இன்னொன்றும் மறைக்கலாகாது. மேட்டு நிலத்து நல்ல தெருக்கள் சிலருக்கென ஒதுக்கப்பட்டபோது, ஆற்றங்கரையும் பள்ள நிலமும் எளியோர் தலையில் விழுந்தன. அவர்கள் அவ்விடங்களைத் தெரிந்தெடுத்தார்களல்லர். வேறிடம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. நம் காலத்திலும் அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பல, 2015-ம் வருஷத்து வெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கத்து அடுக்கு வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டன. அதுவும் சதுப்பு நிலத்தை அடுத்ததொரு தாழ்ந்த பிரதேசமே. பேட்டைகளை ஒப்பிட்டுத் தெரிந்தெடுக்கும் பாக்கியம் எல்லோர்க்கும் இல்லை என்பதை அப்பாக்கியம் பெற்ற நாம் மறத்தலாகாது.

மூன்றாவது நீர்

பழைய சென்னைக்குக் குடிநீரே பெருங்கவலையாயிருந்தது. 1772-ல் கறுப்பர் பட்டணத்தின் வடபாகத்தில் ஏழு கிணறு என்னும் நீர்நிலையம் அமைந்தது. அதன் நீர் கோட்டைக்குச் சென்றது. நகரத்தின் பெரும்பாலார் தத்தம் கிணற்றையும் கோயிற் குளத்தையுமே நம்பி வாழ்ந்தனர். 1872-ல் செங்குன்றத்து ஏரிநீர் வாய்க்கால் வழியாகக் கொண்டுவரப்பட்டது. 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் நீரை வடிகட்டிச் சுத்தம் செய்யும் நிலையம் ஏற்பட்டது. குழாய் நீர் சென்ற திசையில் நகரமும் வளர்ந்தது எனலாம். இன்றும் வீடு பார்ப்பவர் கேட்க வேண்டிய முதற் கேள்விகளுள் ஒன்று: “சித்திரை வைகாசியிற் கிணற்றில் நீர் உண்டா? மாநகரக் குழாய் வருகிறதா? அல்லது லாரி நீரே கதியா?” என்பது. கார்காலத்தில் முழங்கால் நீரில் நின்ற தெருவே கோடையில் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருப்பதை இந்நகரத்திற் காணலாம்.

நான்காவது நிலம்

தியாகராயநகரை எடுத்துக்கொள்வோம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் நீரை வடித்து, அந்நிலத்தில் 1920-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அந்நகர் அமைக்கப்பட்டது. 1925-ல் காலஞ்சென்ற ஸர் பி. தியாகராய செட்டியாரின் பெயர் அதற்கு இடப்பட்டது. நடுவே பனகல் பூங்கா, அதனின்று பிரியும் அகன்ற சாலைகள், காற்றோட்டமான மனைகள் என, நெருக்கமான ஜார்ஜ்டவுனில் வாழ்ந்தோர்க்கு அது சுவர்க்கமாகத் தோன்றியது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலம் ஸ்டேஷனருகே வாழ்ந்து பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பது எளிதாயிற்று. ஆனால் நிலம் தன் பழைய நினைவை விடுவதில்லை. 2021-ம் வருஷம் நவம்பர் மாதத்துப் பெருமழையில் தியாகராயநகரின் தெருக்கள் பல நாட்கணக்கில் நீரில் நின்றன.

வேளச்சேரியின் கதையும் இத்தகையதே. பழமையான ஊர், பெரிய ஏரியையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அடுத்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் கணிப்பொறி நிறுவனங்கள் பெருகவும், 2007-ல் பறக்கும் ரயில் வந்து சேரவும், வீடுகள் விரைந்து எழும்பின. நீர் தங்கிய இடத்தில் ஜனங்கள் தங்கினர். 2015 டிசம்பர் முதல் தேதியை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, ஏக்காட்டுத்தாங்கல் முதலிய இடங்களில் வீடுகளுட் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் துன்புற்றன. எஞ்சியுள்ள சதுப்பு நிலத்தில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் பாதுகாப்பைப் பெற்றது ஓர் ஆறுதல்.

நம் முன்னோர் ஊர்ப்பெயரிலேயே எச்சரிக்கை எழுதி வைத்துள்ளனர். ‘தாங்கல்’ என்பது நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. ‘மேடு’ என்பது உயர்ந்த இடம். ‘ஏரிக்கரை’ என்பதற்கு விளக்கம் வேண்டா. மனைப்பத்திரத்தைப் படிக்குமுன் பெயரைப் படிப்பது நலம்.

அச்சத்தால் அலைதல்

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆராய்தல் வேறு, அஞ்சுதல் வேறு. 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவில் எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் கடலினின்று சுட்டு எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தியபோது, திரளான ஜனங்கள் ஊரை விட்டு ஓடினர். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருவர் என்ற அச்சத்தால் நகரமே காலியாயிற்று. அரசாங்க அலுவலகங்களும் உள்நாட்டிற்குப் பெயர்ந்தன. எதிர்பார்த்த படையெடுப்பு நிகழவில்லை. ஓடியவர் பெரும்பாலும் திரும்பினர். வதந்தியைக் கேட்டு வீட்டை விட்டவர்க்கு வீண் சிரமமே மிஞ்சியது. ஆகவே “அந்தப் பக்கம் பொல்லாதது” என்று ஒருவர் கூறின், என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று கேட்டறிந்த பின்னரே நம்ப வேண்டும். வடசென்னையைப் பற்றிப் பழி கூறுவோர் பலர். ஆனால் ஆலைகளையும் துறைமுகத்தையும் தம் உழைப்பால் நடத்தி இந்நகரை வளர்த்தவர்கள் அங்கு வாழ்ந்தவர்களே. மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைப் புகை மெய்யான குறை. அங்குள்ள ஜனங்களின் குணம் குறையன்று.

ஒப்பு நோக்கு

மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கோயிலும் குளமும் சூழ்ந்தவை. கால்நடையாகவே எல்லாம் முடியும். ஆனால் வீடுகள் நெருக்கம், வாடகை மிகுதி. ஜார்ஜ்டவுன் வியாபாரத்திற்கு உகந்தது. 1996-ல் கொத்தவால்சாவடியின் காய்கறிச் சந்தை கோயம்பேட்டிற்குப் போன பின்னும் நெரிசல் தீர்ந்தபாடில்லை. அண்ணாநகர், 1968-ம் வருஷத்து உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தை ஒட்டி, நேரான அகன்ற வீதிகளோடு வீட்டு வசதி வாரியத்தாரால் வகுக்கப்பட்டது; பள்ளிகளும் மெட்ரோ ரயிலும் உண்டு; விலையும் அதற்கேற்ப உண்டு. தென்புறத்துப் புதிய நகர்கள் உத்தியோகத்திற்கு அருகாமை. நிலத்தின் உயரத்தை மட்டும் ஒன்றுக்குப் பன்முறை ஆராய வேண்டும்.

எப்பேட்டையாயினும் ஐப்பசி கார்த்திகை மழையில் ஒருமுறையும், இரவு 9 மணிக்கு ஒருமுறையும் நேரிற் சென்று பார்ப்பீராக. 2015-ல் நீர் எவ்வளவு உயரம் நின்றதென்று அத்தெருவின் பழங்குடிகளைக் கேளுங்கள். வீட்டு ஸ்திரீகளையும் உடனழைத்துச் செல்லுங்கள். பகலெல்லாம் அவ்விடத்தில் வாழ்பவர் யார் என்பதை எண்ணுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். வீடு கேட்டுச் செல்லும்போது “நீங்கள் யார்?” என்று குலத்தை வினவி, விடை கேட்டதும் கதவைச் சாத்தும் வழக்கம் இந்நகரில் இன்னும் ஒழியவில்லை. அந்த அவமானத்தை நம்மவர் சிலரும் அனுபவித்துள்ளனர். அனுபவித்த நாமே, சொந்த வீடு கட்டியபின் வாயிலில் நின்று அதே கேள்வியைக் கேட்போமாயின், 1707-ம் வருஷத்துத் தெருப்பிரிவினையை நம் திண்ணையிலேயே மீண்டும் நடத்துகின்றோம் என்பதே பொருள். வீடு வைத்திருக்கும் நமது அங்கத்தினர்கள், வாடகை கேட்டு வருவோரிடம் ஒழுக்கத்தையும் வாடகை கொடுக்கும் சக்தியையும் அன்றி வேறெதையும் விசாரிப்பதில்லை என உறுதி கொள்ள வேண்டுகின்றோம். நல்ல பேட்டையைத் தேடிச் செல்வது ஒருவகைச் சாமர்த்தியம். தான் புகுந்த பேட்டையை நல்லதாக்குவது அதனினும் மேலான தர்மம். இவ்விரண்டும் நம் குடும்பங்களில் ஓங்குக!