தாம்சன் சாலைப் பந்தயமும் யந்திர சாஸ்திரமும்

சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து சற்றே நடந்தால் வரும் சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தையில், 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மூடப்படும் வரையில், பழைய யந்திரங்களின் உதிரிபாகங்களும் விலைக்குக் கிடைத்து வந்தன. அத்தகைய பொருள்களைப் பொறுக்கியெடுத்துத் தம் மோட்டார் சைக்கிளின் வேகத்தைப் பெருக்க விரும்பியவர்களுக்கு, மேல் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை நடந்த கிராண்ட் பிரீ பந்தயமே கண்கண்ட பாடசாலை என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பந்தயம் தொடங்கிய அதே 1961 செப்டம்பரில்தான், கிழக்கு ஜெர்மனியின் எம்.இஸட். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைக்காகப் பந்தயங்களில் ஓட்டிவந்த எர்ன்ஸ்ட் டெக்னர், அங்கு பொறியாளர் வால்டர் காடன் கண்டறிந்த நுட்பங்களுடன் தப்பிச் சென்று, ஜப்பானின் சுஸுகி நிறுவனத்தைச் சேர்ந்தார். காடன் 125 சி.சி. டூ ஸ்ட்ரோக் யந்திரத்திலிருந்து 25 குதிரைத்திறனைப் பெற்றிருந்தார். டூ ஸ்ட்ரோக் யந்திரத்தில், பெட்ரோலும் காற்றும் சேர்ந்த புதிய கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். அவர் அமைத்த புகைக்குழாயோ முதலில் விரிந்து, அவ்விரிவினால் எழும் உறிஞ்சலால் சிலிண்டரைக் காலிசெய்து, பின்னர்க் குறுகி, திரும்பி வரும் அழுத்த அலையால் அந்தக் கலவையையே மறுபடியும் உள்ளே தள்ளியது.

ஆனால் புகைக்குழாயை மட்டும் மாற்றிவிட்டால் காரியம் முடிவதில்லை. யந்திரம் அதிகக் காற்றை இழுக்கத் தொடங்கும்போது, கார்புரேட்டரின் ஜெட்டையும் அதற்கேற்பப் பெரிதாக்கிப் பெட்ரோலைக் கூட்டாவிட்டால், கலவை மெலிந்து, சூடு ஏறி, பிஸ்டனே ஓட்டையாகிவிடும். ஆகையால்தான் அனுபவமுள்ள மெக்கானிக், ஒரு சுற்று ஓட்டிய பின் பிளக்கைக் கழற்றி, அதன் நிறத்தைப் பார்த்தே அடுத்த ஜெட்டைத் தீர்மானிப்பார். அந்த அலை குறிப்பிட்ட வேகத்தில் மாத்திரமே உதவும் என்பதால், கொண்டை ஊசி வளைவுகளும் நீண்ட நேர்சாலையும் கலந்த, சுமார் மூன்று மைல் நீளமுள்ள தாம்சன் சுற்றில், எந்த வேகத்திற்காகக் குழாயைப் பொருத்துவது என்பது கடினமான கேள்வியாகவே இருந்திருக்கும்.

பந்தயம் 1973-உடன் நின்றது. இப்போது சிங்கப்பூரின் சாலைகளில் அங்கீகாரமில்லாத சைலன்சர்களுக்கு இடமில்லை, அது நியாயமே. ஆயினும் அக்காலத்தில் யந்திரத்தின் வேகத்தைப் பெருக்கும் இவ்வேலை தெரிந்திருந்த நம்மவர் எவரேனும் இருந்தால், 1979 முதல் இயங்கிவரும் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் தம் அனுபவத்தைத் தமிழிலேயே பதிவுசெய்து வைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.