ஆதாரத்தைத் தேட வேண்டியவர் யார்? அமெரிக்க ஜனாதிபதிகளின் நான்கு அறிவிப்புகள்

இரண்டாம் உலகப் போரின்போது தன் சொந்த மக்களுக்கு இழைத்த அநீதியை அமெரிக்க அரசு சட்டரீதியாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க 46 ஆண்டுகள் எடுத்தது. அந்தக் காலத்தில் நடந்த உத்தியோகபூர்வ நிகழ்வுகளும் அறிவிப்புகளும் ஒரே பெறுமதி கொண்டவை அல்ல.

பேர்ள் ஹாபர் தாக்குதலுக்குப் பின்னர், 1942 பெப்ரவரி 19 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் இலக்க ஆணையில் கையொப்பமிட்டார். அதைப் பயன்படுத்தி ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 120,000 பேர் மேற்குக் கரையோரத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, முட்கம்பி வேலியிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டனர். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். குற்றச்சாட்டும் இல்லை, வழக்கும் இல்லை. வீடு, தோட்டம், கடை என்பன அடிமாட்டு விலைக்குப் போயின.

1946: பாராட்டு

ஜூலை 15 அன்று, வெள்ளை மாளிகைக்கு அருகில் கொட்டும் மழையில், ஜப்பானிய வம்சாவளியினரைக் கொண்ட 442ஆவது படைப்பிரிவின் அணிவகுப்பை ஜனாதிபதி ட்ரூமன் ஏற்றார். எதிரியை மட்டுமல்ல, இனப் பாரபட்சத்தையும் வென்றீர்கள் என்று வீரர்களைப் பாராட்டினார். அவர்களில் பலரின் குடும்பங்கள் முகாம்களில் இருந்தவை. அதற்கு மன்னிப்புக் கேட்கப்படவில்லை.

1948: நிபந்தனையோடு இழப்பீடு

ஜூலை 2 அன்று ட்ரூமன் இழப்பீட்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். சொத்திழப்புக்கு மட்டுமே பணம். இழப்பை நிரூபிக்கும் பொறுப்பு இழந்தவர் மீதே சுமத்தப்பட்டது. கையில் தூக்கக்கூடியதோடு வெளியேறியவர்களிடம் பற்றுச்சீட்டு எங்கே இருக்கும்? கோரப்பட்டது சுமார் 148 மில்லியன் டொலர். கிடைத்தது சுமார் 37 மில்லியன்.

1976: ஒப்புதல்

அந்த ஆணை போருடன் காலாவதியாகியிருந்தாலும் முறைப்படி நீக்கப்படவில்லை. அது முடிவுக்கு வந்துவிட்டது என்று 34ஆவது ஆண்டு நாளில் ஜனாதிபதி ஃபோர்ட் பிரகடனம் செய்தார். அந்த வெளியேற்றம் தவறு என்றும் சொன்னார். இழப்பீடு பற்றி எதுவும் இல்லை.

1988: மன்னிப்பு

இந்த மாற்றத்துக்கு வழி திறந்தது பாதிக்கப்பட்டவர்களின் நீண்ட போராட்டம். 1980இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழு முன் 750க்கும் மேற்பட்டோர் சாட்சியமளித்தனர். பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததைப் பலர் அங்கே சொன்னார்கள். இராணுவத் தேவை காரணமல்ல. இனவெறுப்பும் போர்ப் பீதியும் அரசியல் தலைமையின் தவறுமே காரணம் என்று ஆணைக்குழு முடிவு செய்தது.

1988 ஓகஸ்ட் 10 அன்று ஜனாதிபதி ரீகன் கையொப்பமிட்ட சட்டத்தில் மன்னிப்பு சட்ட வாசகமாகவே எழுதப்பட்டது. அன்று உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் ஒதுக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை. அரசே தன் பதிவேடுகளைப் பார்த்து அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சட்டம் பணித்தது. 1948இல் இழந்தவர் மீது சுமத்திய பொறுப்பு, 40 ஆண்டுகளின் பின் அரசின் பக்கம் மாறியது.

முதற் காசோலைகள் 1990 ஒக்டோபரில் வழங்கப்பட்டன. மொத்தம் 82,000க்கும் அதிகமானோர் பெற்றனர். அந்தச் சட்டம் வருமுன்னரே இறந்துபோனவர்களுக்கு எதுவும் இல்லை. பெரு உள்ளிட்ட லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து கொண்டுவந்து அடைக்கப்பட்ட சுமார் 2,200 ஜப்பானிய வம்சாவளியினரில் பெரும்பாலானோரையும் சட்டம் விலக்கியது. அவர்கள் வழக்குத் தொடர்ந்து, 1998இல் இணக்கத்தின் மூலம் பெற்றது தலைக்கு 5,000 டொலர்.