சிபிலிஸின் பருவங்களும் அவற்றின் விலையும்

1495இல் நேப்பிள்ஸ் நகரைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினரிடையே வெடித்து ஐரோப்பா எங்கும் பரவிய சிபிலிஸ் என்னும் பால்வினை நோய், ஒரே நோயாளியிடம் காலப்போக்கில் வெவ்வேறு உருவங்களில் வெளிப்பட்டதால், அதன் முழுப் போக்கையும் வகுத்துரைக்க மருத்துவர்களுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. குழப்பத்தைப் பெருக்கியவர் இலண்டன் அறுவை மருத்துவரான ஜான் ஹன்டர். 1767இல் வெட்டைநோயாளி ஒருவரின் சீழைக் கொண்டு அவர் நடத்திய சோதனையில் சிபிலிஸின் குறிகளும் தோன்றவே, இரண்டும் ஒரே நோய் என்று முடிவுசெய்தார். அந்த நோயாளிக்கு இரு தொற்றுகளும் இருந்திருக்கலாம் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

பாரிஸ் மருத்துவர் பிலிப் ரிகோர், நோயாளிகளின் புண்ணிலிருந்து எடுத்த சீழை அவர்கள் உடலிலேயே செலுத்திப் பார்த்த எண்ணற்ற சோதனைகளின் முடிவை 1838இல் நூலாக்கி, இவ்விரு நோய்களையும் பிரித்ததோடு சிபிலிஸை மூன்று பருவங்களாகவும் வகுத்தார். தொற்றிய ஏறக்குறைய மூன்று வாரங்களில் தோன்றும் வலியற்ற புண் முதற்பருவம். அது தானே ஆறிவிடுவதால் நோயாளி ஏமாந்துபோகிறார். சில வாரங்களில், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடத் தடிப்புகள் எழும் இரண்டாம் பருவம் வருகிறது. அதுவும் அடங்கியபின், குறியேதும் இல்லாத மறைநிலை பல ஆண்டுகள் நீடித்து, சிலரிடம் இதயத்தின் பெருந்தமனியையும் மூளையையும் சிதைக்கும் மூன்றாம் பருவமாக முடிகிறது. ஆனால் இரண்டாம் பருவம் தொற்றாது என்று ரிகோர் நெடுங்காலம் அழுத்திக் கூறிவந்தது, அவரது புகழின் அளவுக்கே தீங்கு விளைவித்த பிழையாகும்.

மருந்தில்லாமல் விட்டால் எத்தனை பேர் மூன்றாம் பருவத்தை அடைவர் என்ற கேள்விக்கு ஆஸ்லோவிலிருந்து விடை கிடைத்தது. பாதரச மருத்துவம் நன்மையை விடத் தீமையே செய்யும் என நம்பிய சீசர் போக், 1891 முதல் 1910 வரை தம் நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கவில்லை. அவர்களைத் தேடிப் பின்தொடர்ந்த பிற்கால ஆய்வுகள், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே பிற்பருவத்தை எட்டியதைக் காட்டின.

போக் நல்ல மருந்து இல்லாத காலத்தவர். அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறைக்கு அந்த நியாயமும் கிடையாது. அலபாமாவின் டஸ்கீகியில் 1932இல் தொடங்கிய ஆய்வில், நோயுற்ற ஏறக்குறைய 400 கறுப்பின ஆண்களுக்கு, ‘கெட்ட இரத்தத்துக்கு’ வைத்தியம் நடப்பதாகச் சொல்லப்பட்டது. 1940களின் பிற்பகுதியில் பென்சிலின் பரவலாகக் கிடைத்த பின்னும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. செய்தித்தாள்கள் வெளிப்படுத்திய பிறகே, 1972இல் ஆய்வு நின்றது. அறிவியலின் பெயரால் அறிந்தே இழைக்கப்பட்ட இக்கொடுமைக்கு 1997இல்தான் அமெரிக்க அதிபர் மன்னிப்புக் கேட்டார். அப்போது அவ்வாய்வுக்கு உள்ளானோரில் எட்டுப் பேரே உயிருடன் இருந்தனர்.