அடித்தொட்டியைக் கழற்றும் வேலை

மோட்டார் கார் இயந்திரத்தின் அடியில் பொருத்தப்பட்டிருக்கும் எண்ணெய்த் தொட்டி, பட்டறைகளில் ஆயில் பேன் என்றும் சம்ப் என்றும் வழங்கப்படுவது, இன்று அடிபட்டு நசுங்கினாலோ கசியத் தொடங்கினாலோ அன்றிப் பெரும்பாலும் கழற்றப்படுவதில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அதைக் கழற்றி மாட்டுவது சாதாரணப் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே இருந்தது. அந்த வேலை அருகிப் போனதற்குத் தொட்டியில் ஏற்பட்ட மாற்றத்தைவிட, அதற்கு மேலே சுழலும் பேரிங்குகளிலும் அதனுள் தேங்கும் எண்ணெயிலும் ஏற்பட்ட மாற்றங்களே முதன்மையான காரணம் எனலாம்.

தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் எண்ணெய் சுற்றி வந்து மீண்டும் பயன்படவில்லை. சிறு கிண்ணங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிய எண்ணெய், உராயும் பாகங்களை நனைத்துவிட்டு எரிந்தோ சாலையில் ஒழுகியோ தீர்ந்துபோனதால், இயந்திரத்தின் அடிப்பாகம் தூசியைத் தடுக்கும் பெட்டி என்ற அளவிலேயே நின்றது. எண்ணெயைத் தேக்கிவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறை பரவிய பிறகே அந்தப் பெட்டி தொட்டியாயிற்று.

1908-இல் வெளிவந்து 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் தயாரான ஃபோர்டு மாடல் டி இவ்வரலாற்றில் தனிக் கவனத்துக்கு உரியது. அதன் எண்ணெய்த் தொட்டி, இயந்திரத்துக்கும் கியர் அமைப்புக்கும் அடியில் ஒரே நீளமாகச் சென்ற, அழுத்தி வடிவெடுத்த எஃகுத் தகடு. எண்ணெய் பம்பு கிடையாது. சுழலும் ஃப்ளைவீலின் காந்தங்கள் வாரியடித்த எண்ணெயை ஒரு புனல் ஏந்திக் குழாய் வழியாக முன்பக்கம் அனுப்ப, அது தொட்டியின் பள்ளங்களை நிரப்பியவாறு பின்னோக்கி வழிந்தது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகள் அப்பள்ளங்களில் தோய்ந்து எண்ணெயைத் தெறிக்கவிட்டன. எண்ணெய் மட்டத்தை அறிய அளவுகோலும் இல்லாததால், ஓட்டுநர் வண்டிக்கு அடியில் கைவிட்டு இரண்டு சிறு குழாய்களைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. இவை எல்லாவற்றையும்விட வேலைக்காரரைச் சோதித்தது வேறொன்று: இயந்திரத்தைச் சட்டத்தில் தாங்கி நின்ற கைகள் அந்தத் தொட்டியோடேயே பிணைக்கப்பட்டிருந்தன. ஆகவே தொட்டியைக் கழற்ற வேண்டுமானால் முதலில் இயந்திரத்தையே வண்டியிலிருந்து தூக்க வேண்டும். இந்த இடர்ப்பாட்டுக்கு விடையாக 1911 வாக்கில் தொட்டியின் அடியில், கழற்றக்கூடிய சிறிய மூடி ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குப் பின் கனெக்டிங் ராடுகளைக் கீழிருந்தே எட்ட முடிந்தது.

அப்படி அடிக்கடி எட்டவேண்டிய தேவை பேரிங்குகளின் இயல்பிலேயே இருந்தது. 1839-இல் ஐசக் பேபிட் உருவாக்கிய, வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட மென்மையான கலப்பு உலோகம் அவர் பெயராலேயே பேபிட் எனப்பட்டது. அதை உருக்கி நேரடியாக ராடின் துளையில் ஊற்றிக் கடைந்தே அக்காலப் பேரிங்குகள் செய்யப்பட்டன. அந்த உலோகம் தேயத் தேய இடைவெளி கூடி இயந்திரம் தட்டத் தொடங்கும். அப்போது தொட்டியையோ மூடியையோ இறக்கி, மாடல் டியில் பேரிங் மூடியின் விளிம்பை அரத்தால் ராவியும், 1927 இறுதியில் வந்த மாடல் ஏயில் ஷிம் எனப்படும் மெல்லிய பித்தளைத் தகட்டின் அடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்தெடுத்தும், இடைவெளியைச் சரிசெய்தனர். தண்டு கையால் சுழற்றும்போது இறுக்கமாகவும் இருக்க வேண்டும், பிடித்துக்கொள்ளவும் கூடாது. இந்த நயம் கைப்பழக்கத்தால் மட்டுமே வந்தது. செவ்ரலே நிறுவனம் தன் ஆறு சிலிண்டர் இயந்திரத்தில் தெறிப்பு முறையையும் ஊற்றிய பேபிட்டையும் 1950களின் தொடக்கம் வரை விடாமல் வைத்திருந்தது, பட்டறைகளும் பழைய பழக்கத்தை எளிதில் கைவிடாததற்கு ஒரு காரணமாயிற்று.

ஆயத்தமாகச் செய்து வைத்து மாற்றிப் போடக்கூடிய மெல்லிய பேரிங் ஓடுகள் 1930களில் பரவியபோது ராவுவதும் உரிப்பதும் தேவையற்றுப் போயின. அதே பத்தாண்டின் நடுப்பகுதியில் டீசல் இயந்திரங்களுக்காக உருவான, அழுக்கைப் படியவிடாமல் மிதக்கவைக்கும் சேர்மானம் கொண்ட எண்ணெய், மெல்ல கார்களுக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு எண்ணெயின் கசடு முழுவதும் தொட்டியின் அடியில் கரிய களிம்பாகப் படிந்ததால், அதைக் கழற்றிச் சுரண்டிக் கழுவுவதும் வழக்கமாயிருந்தது. புதிய எண்ணெயிலோ அழுக்கு எண்ணெயோடு சேர்ந்து வடிதிருகு வழியே வெளியேறியது. பழைய வண்டிக்குப் புதிய எண்ணெய் ஊற்றும் முன் தொட்டியை இறக்கித் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் தளர்ந்த களிம்பு பம்பின் வடிகட்டியை அடைத்துவிடும் என்று அனுபவசாலிகள் எச்சரித்தனர்.

இவ்வாறு கழற்றும் காரணம் குறைந்துவந்த காலத்தில், மாட்டும் வேலையின் சிரமமோ கசிவைத் தடுப்பதில் குவிந்தது. இயந்திரத்துக்கும் தொட்டி விளிம்புக்கும் இடையில் வைக்கப்படும் கேஸ்கெட் நீண்டகாலம் தக்கையால் செய்யப்பட்டது. அலமாரியில் காய்ந்து சுருங்கிய தக்கையை நீரில் ஊறவைத்துப் பழைய நீளத்துக்குக் கொண்டுவருவது பட்டறைக் கைமுறைகளில் ஒன்று. போல்ட்டுகளை மிகையாக இறுக்கினால் தக்கை பிதுங்குவதோடு துளைகளைச் சுற்றிய தகடும் குழிந்துவிடும். ஆதலால் புதிய கேஸ்கெட் வைக்கும் முன் விளிம்பைச் சுத்தியலால் தட்டிச் சமமாக்குவதே வேலையின் பாதி. 1955-இல் வந்த செவ்ரலே வி-8 இயந்திரத்தில் இரு பக்கங்களுக்கும் இரு முனைகளுக்குமாக நான்கு துண்டுகள் சந்தித்த மூலைகளிலேயே எண்ணெய் ஒழுகியது. 1986-இல் ஒரே துண்டான ரப்பர் கேஸ்கெட் வந்தபின்தான் அந்தத் தொல்லை ஓய்ந்தது. இந்தியாவின் அம்பாசடரில் நெடுநாள் ஓடிய பி வரிசை இயந்திரத்தின் தொட்டியிலும், பக்கங்களுக்கு வேறாகவும் முனைகளுக்கு வேறாகவும் துண்டுகள் வைக்கவேண்டியிருந்தது.

எல்லா வடிவமைப்பாளர்களும் கழற்றக்கூடிய தொட்டியை ஏற்றுக்கொள்ளவில்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் இயந்திர உடலே செங்குத்தாக இரு பாதிகளாகப் பிளக்கப்பட்டிருந்ததால் தனித் தொட்டி கிடையாது. ஆறு நட்டுகளால் பூட்டிய சிறு வட்டத்தகடும் அதன் மேலுள்ள சல்லடையும் போதுமாயிருந்தன. 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினியில் கியர்ப்பெட்டியே தொட்டியின் இடத்தைப் பிடித்து, இரண்டும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொண்டன. இடத்தை மிச்சப்படுத்திய இந்த நுட்பத்துக்கான விலை, பேரிங்குகளைப் பார்க்க வேண்டுமானால் இயந்திரத்தையும் கியர்ப்பெட்டியையும் சேர்த்துத் தூக்கிப் பிரிக்க வேண்டியதாயிற்று. மாடல் டியின் பழைய இடர்ப்பாடு அரை நூற்றாண்டுக்குப் பின் வேறுருவில் திரும்பியது.

1970களுக்குப் பின் ஜப்பானிய நிறுவனங்கள் பல தனிக் கேஸ்கெட்டைக் கைவிட்டு, அறை வெப்பத்தில் இறுகும் சிலிகான் பசையை விளிம்பில் கோடாக இட்டுத் தொட்டியை ஒட்டின. அத்தகைய தொட்டியை நெம்புகோலால் பெயர்த்தால் விளிம்பு வளைந்து மறுபடியும் கசியுமென்பதால், மெல்லிய தகட்டுக் கத்தியை இடுக்கில் செலுத்திச் சுத்தியலால் தட்டி நகர்த்தியே பசையை அறுக்க வேண்டும். புதுப்பசை இட்டபின் சில நிமிடங்களுக்குள் மாட்டியாகவும் வேண்டும். 1997-இன் கார்வெட்டில் வந்த எல்எஸ்1 இயந்திரத்தின் வார்ப்பு அலுமினியத் தொட்டி பின்னால் உள்ள பெல் ஹவுசிங் உறையோடும் பூட்டப்பட்டு இயந்திரத்துக்கு விறைப்பூட்டும் உறுப்பாயிற்று. அதைத் திரும்ப மாட்டும்போது பின்விளிம்பு இயந்திர உடலோடு ஒரே தளத்தில் நிற்கிறதா என்று அளந்து பார்ப்பது கட்டாயமாயிற்று. அதன்பின் நெகிழித் தொட்டிகளும் சில வண்டிகளில் வந்துவிட்டன. அவற்றில் அடிபட்ட இடத்தைத் தட்டி நிமிர்த்தவோ பற்றவைக்கவோ வழியில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.