புலி தானே எடுத்துக்கொண்ட படம்

நம் நாட்டுக் காட்டு விலங்குகளின் படங்களில் உங்கள் மனத்தை விட்டு அகலாத படம் எது என்று யாரேனும் என்னைக் கேட்டால், என் பதில் கேட்டவருக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். அழகான படம் என்று அதைச் சொல்வதற்கில்லை. மூன்று சிவிங்கிப்புலிகள் தரையில் கிடக்கின்றன. அவற்றைச் சுட்ட கொரியா சமஸ்தானத்து மகாராஜா பின்னால் நிற்கிறார். 1947-ஆம் வருஷம் இரவு வேளையில், மோட்டார் வண்டியின் விளக்கொளியில் அகப்பட்டுக்கொண்ட ஜீவன்கள் அவை. மூன்றும் ஆண். ஒரே தாயின் குட்டிகளாக இருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகைக்கு அந்தப் படம் போய்ச் சேர்ந்தது. 1952-ல் இந்த நாட்டில் சிவிங்கிப்புலி அற்றுப்போய்விட்டதாக அறிவித்தார்கள். அதற்கு எழுபது வருஷம் கழித்து, 2022-ல், நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகளை விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்டது வேறு கதை. நம்முடைய பழைய குலத்தின் கடைசிச் சான்றாக நமக்கு மிஞ்சியிருப்பது, பிணங்களின் அந்தப் புகைப்படந்தான்.

அதில் அந்தக் காலத்தவர்களுக்கு விபரீதமாக ஒன்றும் தோன்றியிராது. காட்டில் காமிரா அப்படித்தானே நுழைந்தது! முன்னால் துப்பாக்கி போகும். பின்னால் ஒரு கூலி ஆள் காமிராப் பெட்டியைச் சுமந்துகொண்டு வருவான். புலி விழுந்த பிறகு பெட்டியைத் திறப்பார்கள். துரையோ ராஜாவோ விழுந்த புலியின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பார். உயிருள்ள புலியைப் படமெடுக்கலாம் என்ற நினைப்பே பலருக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அந்த நாளைய கண்ணாடித் தகடுகளுக்கு வேகம் போதாது. புலியோ அந்தியிலும் இரவிலும் நடமாடும் பிராணி. மர நிழலை விட்டு வெளியே வராத பிராணி.

இந்த நிலையை மாற்றியவர் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன இலாகா அதிகாரி. ஐக்கிய மாகாணத்தில், சிவாலிக் மலையடிவாரக் காடுகளில் வேலை பார்த்தவர். துப்பாக்கி தூக்குவதில் அவருக்கு ருசி இல்லை. இருட்டில் நடமாடும் புலியை எப்படிப் படமெடுப்பது? அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைரஸ் என்பவர் மான்களிடம் கையாண்டிருந்த தந்திரத்தைச் சாம்பியன் நம் ஊர்ப் புலியிடம் பிரயோகித்தார். ஷைரஸ் எடுத்த 74 படங்களை 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' சஞ்சிகை 1906-லேயே வெளியிட்டிருந்தது.

தந்திரம் இதுதான். புலி வழக்கமாக வரும் ஒற்றையடிப் பாதையைக் கால்தடங்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பாதையோரத்தில் காமிராவை மறைத்துக் கட்ட வேண்டும். குறுக்கே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி. அதில் புலியின் கால் பட்டதும் மக்னீசியப் பொடி பற்றிக்கொண்டு பளீரென்று எரியும். அதே கணத்தில் ஷட்டர் திறந்து மூடும். படமெடுப்பவர் அந்நேரம் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். படத்தை எடுத்துக்கொள்வது புலிதான்!

சொல்வதற்குச் சுலபம். ஈரக் காற்றில் பொடி நமுத்துப்போகும். புலிக்காகக் கட்டிய கம்பியை முள்ளம்பன்றி தட்டிவிடும். அப்புறம் அன்றைய இராத்திரி வீண். காட்டு யானை வந்தால் காமிராவே வீண். இத்தனையும் தாண்டித்தான் 1925 அக்டோபரில் 'இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையின் முதல் பக்கத்தில் சாம்பியனின் புலி வெளிவந்தது. இரண்டு வருஷத்தில் புலிநாட்டில் காமிராவோடு தாம் அலைந்ததை ஒரு புத்தகமாகவும் எழுதினார்.

அந்தப் படங்களைக் கூர்ந்து பார்த்தபோது அவருக்கே ஒரு விஷயம் புலப்பட்டது. ஒரு புலியின் வரிகள் இன்னொரு புலிக்கு இல்லை. நம் கைரேகை மாதிரி. ஆகவே நேற்று வந்ததும் இன்று வந்ததும் ஒரே புலிதானா என்று படத்தை வைத்தே சொல்லிவிடலாம். துப்பாக்கிக்காரருக்கு அதுவரை புலி என்றால் இத்தனை அடி, இத்தனை அங்குலம். சாம்பியனுக்குத்தான் அது 'இந்தப் புலி', 'அந்தப் புலி' என்று ஆயிற்று.

ஜிம் கார்பெட்டின் பெயரை அறியாதவர் இரார். ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி 1944-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை மட்டும் பலரும் அவசரமாகப் புரட்டிவிடுகிறார்கள்; அதில் ஆட்கொல்லி கிடையாது. சாம்பியனின் படங்களைக் கண்டு ஆசை பிறந்து, பகல் வெளிச்சத்தில் புலியைச் சினிமாப் படமாகப் பிடிக்கத் தாம் பட்ட பாட்டை அதில் சொல்கிறார். சிநேகிதர் ஒருவர் கொடுத்த 16 மில்லிமீட்டர் காமிராவின் 'கிர்ர்' சப்தம் கேட்டாலே புலி ஓடிவிடும். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு காட்டு ஓடையில் சிறு சிறு அருவிகள் உண்டாகும்படி அணை கட்டினார். நீரின் இரைச்சலில் காமிராவின் இரைச்சல் அமுங்கிப் போயிற்று! துப்பாக்கியால் கிடைத்த தோல் அதை அடைந்தவனுக்கு மட்டும் பெருமை. படமோ காட்டு ஜீவன்களிடம் பிரியம் உள்ள அத்தனை பேருக்கும் சந்தோஷம் என்று கணக்குப் பார்த்தவர் அவர்.

புலிக்குக் கம்பி என்றால் பறவைக்குக் கூடு. பறக்கும் பிராணி நிச்சயமாகத் திரும்பி வரும் இடம் அது ஒன்றுதானே! பேட்ஸ், லௌதர் போன்ற ஆங்கிலேயர்களும், ஸாலிம் அலியின் சிநேகிதரான சிங்கப்பூர் சினிமா முதலாளி லோக் வான் தோவும் நம் பறவைகளை அப்படித்தான் படமெடுத்தார்கள். லோக்கின் கதை விசித்திரமானது. 1942-ல் யுத்தத்துக்குத் தப்பி ஓடியபோது அவர் கப்பல் குண்டுவீச்சில் சிக்கியது, உடம்பெல்லாம் தீக்காயம், கொஞ்ச நாள் கண்ணே தெரியவில்லை. அந்தக் கண்களோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்தான் பிற்பாடு உலகம் மெச்சும் பறவைப் படங்களை எடுத்தார்.

கூட்டருகே ஒரு துணி மறைப்பு. உள்ளே இருவராகப் போவார்கள். ஒருவர் மட்டும் வெளியேறி நடந்துவிடுவார். பறவைக்கு எண்ணத் தெரியாது. ஆள் போயாயிற்று என்று கூட்டுக்கு வந்துவிடும். குறுக்கே நிற்கும் கிளைகளை ஒதுக்கிக் கட்டுவதும் உண்டு. நல்லவர்கள் வேலை முடிந்ததும் அவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

நான் அவிழ்க்கவில்லை. பன்னிரண்டு வயதில், மாமாவின் ஆக்ஃபா கிளிக் காமிராவைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, கொல்லை மருதாணிப் புதரில் இருந்த கொண்டைக்குருவிக் கூட்டைப் படமெடுக்கப் போனேன். மூன்று குஞ்சுகள். கிளைகளை வாழைநாரால் இழுத்துக் கட்டி, சூரிய வெளிச்சம் நன்றாக விழும்படி செய்து, ஒரு படம் எடுத்தேன். மறுநாள் கூடு காலி. காக்கைக்கும் அதே வெளிச்சம் போதுமானதாக இருந்திருக்கிறது. “அது மறைச்சு வெச்சதை நீ எதுக்குடா தொறந்து வெச்சே?” என்று பாட்டி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். பிலிமைக் கழுவி வந்தபோது, அந்தக் காமிராவுக்குக் கிட்டத்துப் பொருள் தெளிவாக விழாது என்பதும் தெரிந்தது. கூடு இருந்த இடத்தில் ஒரு புகைக் கறை. இன்று சில போட்டிகளில் கூட்டுப் படங்களையே வாங்குவதில்லை என்று கேள்விப்படும்போது எனக்கு அந்தக் கறைதான் ஞாபகம் வருகிறது.

காமிராவும் ஒரு வேட்டைதானோ என்ற இந்தச் சங்கடத்துக்குத் தம் வழியில் விடை தேடியவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். நாவல் எழுதுகிற என் போன்றவர்களுக்கு அவர் ஒரு வகையில் உறவு. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை, மா. கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தார். சந்தூர் சமஸ்தானத்தில் சில வருஷம் உத்தியோகம் பார்த்தார். பிறகு எழுத்தும் படமுமாகச் சென்னையிலேயே இருந்துவிட்டார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய அவருடைய பத்தி, 1996-ல் அவர் மறைகிற வரையில் நிற்கவில்லை. வர்ணப் படம் அவருக்கு ஆகாது, கறுப்பு வெள்ளைதான். காமிராவும் கடையில் வாங்கியது அல்ல: ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ் என்று தாமே ஒட்டுப்போட்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயரும் சூட்டியிருந்தார். காட்டில் கால்நடையாகவும், பழக்கிய யானையின் முதுகிலும் போய்ப் படமெடுத்தார். அவருடைய யானைப் படங்களில் யானை மட்டும் இருப்பதில்லை. மூங்கிலும் புழுதியும், அது நின்ற இடத்தின் வெயிலுங்கூட இருக்கின்றன. முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் இன்றைய படங்களைப் பார்த்து அலுத்த கண்ணுக்கு அவை இதமாகவே இருக்கின்றன.

சாம்பியனின் கம்பி என்னவாயிற்று என்று சொல்ல வேண்டுமே. 1990-களில் உல்லாஸ் காரந்த் நாகரஹொளே காட்டில் அதைப் புதுப்பித்தார். கம்பிக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை. புலியின் இரண்டு விலாவிலும் வரிகள் வேறு வேறாகையால், பாதையின் இரு பக்கமும் ஒவ்வொரு காமிரா. அதுவரை புலிகளைக் காலடித் தடத்தைக் கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2018-ல் நாடு முழுவதும் 26,838 இடங்களில் இப்படிக் காமிராக்களை வைத்தார்கள். விழுந்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கு மேல். அவற்றில் புலி இருந்தவை 76,651-தான்.

ஒளிக்கற்றைக்குப் புலி என்றும் மனுஷி என்றும் பேதம் தெரியாது. சாம்பியனும் கார்பெட்டும் பாடுபட்டு 1936-ல் உருவான வனத்துக்கு இன்று கார்பெட்டின் பெயர்தான். அங்கே விறகுக்கும் புல்லுக்கும் போகிற கிராமத்துப் பெண்கள், புலி விலகிப் போகட்டும் என்று உரக்கப் பாடிக்கொண்டு நடப்பது வழக்கம். காமிராக்கள் வந்த பிறகு, அவை இருக்கும் இடங்களில் அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்று 2024-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. தங்களை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கூச்சம். புலி அங்கேதான் இருக்கிறது.