அதே அப்பா, அதே அம்மா... அதே குட்டிகளா?

நாய் வளர்ப்பவர்களிடம் ஒரு பழைய ஆசை உண்டு. ஒரு ஈத்தில் அருமையான குட்டிகள் பிறந்துவிட்டால், அதே ஆண் நாயையும் அதே பெட்டையையும் மறுபடியும் இணை சேர்ப்பார்கள். அடுத்த ஈத்திலும் அதே மாதிரிக் குட்டிகள் வரும் என்று நம்பி முன்பணம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த நம்பிக்கை சரிதானா? இதற்குப் பதில் தேடிய கதை நூறு வருடங்களுக்கும் மேல் பழையது.

1874இல் எவரெட் மில்லே என்ற ஆங்கிலேயர் பாரிஸிலிருந்து 'மாடல்' என்ற பாசெட் ஹவுண்ட் நாயை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். குட்டைக் கால்கள், தொங்கும் நீண்ட காதுகள், தரையோடு மோப்பம் பிடித்து முயலைத் துரத்தும் வேட்டை நாய். அந்த நாய்களின் வம்சாவளியையும் நிறத்தையும் மில்லே கவனமாகப் பதிவு செய்துவந்தார். நிறம் இரண்டே வகைதான். ஒன்று, வெள்ளையும் எலுமிச்சை மஞ்சளும். மற்றொன்று, அவற்றோடு கறுப்பும் சேர்ந்த மூன்று நிறம்.

இந்தப் பதிவேடு டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் கைக்குப் போனது. 817 நாய்களின் விவரங்களை வைத்து 1897இல் அவர் ஒரு விதியை வெளியிட்டார். ஒரு குட்டியின் தன்மையில் பாதி பெற்றோரிடமிருந்து, கால் பங்கு தாத்தா பாட்டிகளிடமிருந்து, அரைக்கால் பங்கு அதற்கும் முந்தைய தலைமுறையிலிருந்து வருகிறது என்றார். எத்தனை நாய்கள் மூன்று நிறத்தில் இருக்கும் என்று அவர் போட்ட கணக்கு, பதிவேட்டோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது!

ஆனால் இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கு நூற்றுக்கணக்கான நாய்களின் மொத்தத்துக்குத்தான் பொருந்தியது. நாளை பிறக்கப்போகும் ஒரு குட்டி எப்படி இருக்கும் என்று அதனால் சொல்ல முடியவில்லை.

ஏன் என்பது 1900இல் மெண்டலின் ஆய்வு மறுபடி வெளிச்சத்துக்கு வந்தபிறகுதான் புரிய ஆரம்பித்தது. நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத்தான் தாய் கொடுக்கும், ஒன்றைத்தான் தந்தை கொடுக்கும். எதைக் கொடுப்பது என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. ஒரு நாய் இப்படிக் கொடுக்கக்கூடிய விதங்கள் மட்டுமே சுமார் 55,000 கோடி! மறுபடி இணை சேர்ப்பது என்றால் மறுபடி குலுக்குவது என்றுதான் அர்த்தம்.

லாப்ரடாரை எடுத்துக்கொள்ளுங்கள். தாயும் தந்தையும் மஞ்சள் நிறம் என்றால் எத்தனை ஈத்து ஆனாலும் குட்டிகள் மஞ்சள்தான். இரண்டும் கறுப்பாக இருந்து, மஞ்சளுக்கான ஜீனை மறைவாக வைத்திருந்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டி மஞ்சளாக இருக்கும். ஆனால் எட்டுக் குட்டிகள் போடும் ஈத்துகளில், பத்தில் ஒன்றில் மஞ்சள் குட்டியே இருக்காது. ஒரே ஒரு ஜீன் தீர்மானிக்கும் நிறத்துக்கே இந்த நிலை. பல ஜீன்களோடு வளர்ப்பும் சேர்ந்து உருவாக்கும் குணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், நாய்க்கு நாய் குணம் மாறுவதில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது.

ஆக, முதல் ஈத்துக் குட்டியும் இரண்டாம் ஈத்துக் குட்டியும் கூடப் பிறந்தவை. ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு குட்டிகள் எவ்வளவு ஒத்திருக்குமோ, அவ்வளவுதான் இவையும் ஒத்திருக்கும். அதோடு, முதல் ஈத்து அபாரமாக இருந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. அதனால் அடுத்தது கொஞ்சம் சுமாராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அசாதாரணமானவை அடுத்த முறை சராசரியை நோக்கித் திரும்பும் என்று முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவரும் அதே கால்டன்தான்.

ஆனால் அவர் நாய்களோடு நிற்கவில்லை. நல்ல மனிதர்களையும் இப்படித் தேர்ந்தெடுத்துப் பெருக்கலாம் என்று நம்பினார். அதற்கு 'யூஜெனிக்ஸ்' என்று 1883இலேயே பெயர் வைத்தவரும் அவரே. 1907இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், 'தகுதியற்றவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் போட்டது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. அமெரிக்காவில் மட்டும் 60,000க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 1933இல் ஹிட்லரின் ஜெர்மனியும் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது.

பெற்றோரைப் பார்த்தே பிறக்கப்போகும் பிள்ளையை எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை, நாய் விஷயத்தில் முன்பணத்தோடு போய்விடும். மனிதர்கள் விஷயத்தில், பிறக்கவே விடாமல் செய்துவிட்டது.